கேக் முகமும் சுனைத் தண்ணீரும்

போன வருடம் சித்திரை வெயில் ஆரம்பித்த சமயம். செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மலை உச்சிக்கு எங்கள் ஆபீஸ் ஆட்கள் ஆறேழு பேர் போனோம். மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறே வேன் பிடித்து வந்துவிடுவீர்கள். பக்கத்து ஊரில் பிறந்தவள் என்பதால் வழி காட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

உச்சிக்கு ஒழுங்கான பாதை கிடையாது. முள்ளை விலக்கி, பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேலே நின்றால் கிழக்கே மாமல்லபுரம் பக்கத்துக் கடல் ஒரு கோடாகத் தெரியும். அங்கே ஒரு பாறைப் பிளவில் சின்னச் சுனை. கோடையிலும் வற்றாது. அந்த மலையின் குரங்கு, மயில், கீரி எல்லாவற்றுக்கும் வெயில் காலத்தில் அது ஒன்றுதான் தண்ணீர்.

அன்று எங்களில் ஒரு தம்பிக்குப் பிறந்தநாள். கேக்கை டப்பாவில் தூக்கி வந்திருந்தார்கள். வெட்டினார்கள், சரி. ஒரு துண்டாவது வாயில் போனதா? முழுசும் அவன் முகத்தில், தலையில். அதற்கு மேல் ஸ்ப்ரே நுரை வேறு. தின்கிற பண்டத்தை மூஞ்சியில் அப்புவது என்ன கொண்டாட்டமோ! கொண்டு வந்த தண்ணீரையும் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக் காலி செய்தார்கள். பிறகு அந்தத் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தக் கோலத்தோடு சுனையில் இறங்கப் போனான்.

எனக்கு வந்ததே கோபம்! ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"இன்னாக்கா, தண்ணி தானே? மழை பேஞ்சா ரொம்பிடப் போவுது" என்றான்.

"மழைக்கு இன்னும் எத்தினி மாசம் கீது? அதுவரிக்கும் கொரங்கு இன்னாத்த குடிக்கும், உன் கேக்கையா?" என்று கத்தினேன்.

"பர்த்டே அதுவுமா மூடைக் கெடுக்காதீங்க" என்று மற்றவர்களும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எனக்காக ஒருவர்கூடப் பேசவில்லை. அவனைப் பாறைக்கு மறுபக்கம் இழுத்துப்போய் உட்காரவைத்து, என் பாட்டில் தண்ணீர் முழுவதையும் தலையில் கவிழ்த்தேன். துடைக்க என் துப்பட்டாவையும் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே துடைத்தான்.

இறங்கும் நேரம் உச்சி வெயில். ஒருவரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போது சுனைக்கு முதலில் ஓடி, மண்டியிட்டு, அள்ளி அள்ளிக் குடித்தது யார் தெரியுமா? அதே பிறந்தநாள் தம்பிதான். "செம ஜில்லுன்னு கீதுக்கா" என்று பாட்டிலையும் நிரப்பிக்கொண்டான். ஒரு மன்னிப்பு, ஒரு நன்றி? ம்ஹூம்!

அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. நான் அன்று ஒதுங்கி நின்றிருந்தால் அந்தச் சுனையில் கிரீமும் நுரையும்தான் மிதந்திருக்கும். அவனாவது கீழே இறங்கிக் கடையில் ஒரு பாட்டில் வாங்கியிருப்பான், அந்தக் குரங்குகள் எந்தக் கடைக்குப் போயிருக்கும்?