ஆட்சேபனைக் கடிதங்களை வாசிக்கிறவர்

பென்சிலை உதட்டில் தட்டித் தட்டி, ஊரார் எழுதிய கடிதங்களுக்குக் காற்புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார். அசலில் அல்ல, நகலில். "எங்க மூச்சு விடணும்னு யாரும் எழுதறதே இல்ல. கோவத்துல எழுதறவங்களுக்கு மூச்சு ஏது?" என்கிறார். இரண்டு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடுகிற ஒரு கடிதத்தில் பதினொரு இடத்தில் மூச்சு விட இடம் கண்டுபிடித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றரை. நாலு மணிக்குக் கூட்டம்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நகரமைப்புக் குழு கூடுகிறது. வீட்டைக் கடையாக்க வேண்டுமா, கடையைக் கிடங்காக்க வேண்டுமா, காலி மனையில் நாலு மாடி எழுப்ப வேண்டுமா, இந்தக் குழுவில் இருக்கிற ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கியாக வேண்டும். அதற்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அறிவிப்பு போகும். ஆட்சேபனை இருந்தால் நேரில் வந்து மூன்று நிமிஷம் பேசலாம். வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம், அதற்கும் மூன்று நிமிஷம்தான். எழுதி வந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மைக்கில் வாசிக்க வேண்டும் என்பது விதி. பதினாலு வருஷமாக அந்த வேலை இவருடையது. அலுவலகத்தில் எல்லாருக்கும் இவர் 'வாசிப்பக்கா'. இவரைவிடப் பதினைந்து வயது மூத்தவரான குழுத் தலைவருக்கும் அப்படித்தான்.

என் தெரு முனையில் வரவிருந்த ஒரு வெல்டிங் பட்டறையை எதிர்த்துப் பேச முதல் தடவை அங்கே போனேன். பட்டறை வரவில்லை. நான் போவதை நிறுத்தவில்லை. காரணம் இவருடைய குரல்.

பெரிய குரல் என்று சொல்ல முடியாது. நடிப்பும் கிடையாது. ஆனால் கடிதம் எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார், எந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார் என்பதுவரை கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். மாதம் தவறாமல் வருகிற ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் என்னிடம் சொன்னார்: "நான் கட்டறதுல ஒரு தப்பும் இல்லன்னு நெனச்சுட்டுத்தான் படியேறி வருவேன். இந்தம்மா படிச்சு முடிச்சதும் எனக்கே என் மேல கேஸ் போடணும் போல இருக்கும்."

எழுத்துப் பிழையையும் திருத்துவதில்லை. யாரோ ஒருவர் 'கழிவுநீர்' என்பதைக் 'களிவுநீர்' என்று எழுதியிருந்தார். அப்படியே வாசித்தார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். இவர் மேஜை மேலிருந்த நிமிஷக் கடிகாரத்தை நிறுத்தி, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, விட்ட வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கூட்டம் முடிந்து இறங்கும்போது என்னிடம், "எழுத்துதான் தப்பு. நாத்தம் நெசம்தானே?" என்றார்.

வீட்டில் பேச்சு குறைவு. கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் நாலு நாள் வெளியூர். ஒரு நாள் மனைவியை அழைத்துப்போக வந்தவர் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னார்: "எழுதிக் குடுத்தா ஊரையே கேள்வி கேப்பா. எழுதிக் குடுக்காட்டி, கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட தலையத்தான் ஆட்டுவா." இவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் டீ குடித்த பிறகுதான் இவருக்கு ஒரு அக்கா இருப்பது எனக்குத் தெரிந்தது. அதே ஊரில், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறார். ஏழு வயது மூத்தவர். துணி மில்லில் தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்கு நடமாட்டம் நின்றுபோன நாலு வருஷமும் தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர் ஒருத்தர்தான். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவார். அம்மாவைத் தூக்கித் தூக்கி அக்காவுக்கு முதுகு வளைய ஆரம்பித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் தங்கை டாக்டரிடம் பேசி, படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் அம்மாவைச் சேர்க்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினோராம் நாள் அம்மா போய்விட்டார்.

"அக்காவுக்கு முதுகு போயிடுமேன்னு பயம். அதை அவகிட்ட நான் சொல்லவே இல்ல. படிவத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. 'மருத்துவ ஆலோசனை'ன்னு எழுதினேன். அவ அந்தப் படிவத்தைப் பாத்துட்டா."

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா சொன்னது ஒரே வாக்கியம்: "அம்மாவ ஃபைல் தள்ற மாதிரி தள்ளி விட்டுட்டியேடி." அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தங்கை இரண்டு தடவை போன் செய்து, அக்கா எடுத்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டார். அக்கா செய்யவே இல்லை.

போன வருஷம் ஒரு நாள் தபால் தட்டில் அந்தக் கையெழுத்து வந்து கிடந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே அடையாளம் தெரிந்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டை ஒட்டிய மனையை, குடியிருப்பிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றி, மூன்று மாடியில் ஒரு தங்கும் விடுதி கட்ட ஒருவர் மனு போட்டிருந்தார். அக்காவினுடையது அதற்கு ஆட்சேபனைக் கடிதம்.

இவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவரிடம் போனார். தலைவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். டாக்டர் சீட்டைப் படிப்பது போல எல்லாவற்றையும் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துத்தான் படிப்பார்.

"சார், இது எங்க அக்கா எழுதினது. நான் படிக்கலாமா?"

"நீங்க கை தூக்கறவங்க இல்லையே வாசிப்பக்கா. விதில தடை இல்ல. சங்கடமா இருந்தா வேற யாரையாவது படிக்கச் சொல்றேன்."

"வேணாம் சார். வேற யாராவது படிச்சா அவசரப்பட்டுடுவாங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். மேஜை மேலிருந்த நகலில் பென்சில் குறி ஒன்றுகூட இல்லை. மூச்சு விட வேண்டிய இடமெல்லாம் கடிதத்திலேயே இருந்தது. அதன் கடைசிப் பகுதி இது:

'மேற்கே மூன்று மாடி எழும்பினால், மதியம் இரண்டு மணிக்கு மேல் என் பின்வாசலுக்கு வெயில் கிடையாது. என் அம்மா நாலு வருஷம் அந்த வெயிலில்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது அம்மா இல்லை. வெயில் மட்டும் தினம் வந்து, ஆள் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது. அதையும் அனுப்பிவிடச் சொல்கிறீர்களா? நான் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்டுக்கொள்வேன். அங்கே வாசிக்கிறவர் ஒரு வார்த்தையும் விடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். மூன்று நிமிஷத்துக்குள் அடங்கும்படி, கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.'

இவர் ஒரு வார்த்தையும் விடவில்லை. 'அனுப்பிவிட' என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும், எழுத்தில் இல்லாத ஒரு இடைவெளி விழுந்தது. கீழ் உதட்டை ஒரு தடவை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே வாசித்தார். பெயரும் தேதியும் வாசித்து முடித்தபோது கடிகாரத்தில் எட்டு விநாடி மிச்சம் இருந்தது.

உறுப்பினர்கள் அரை மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊர் வளர வேண்டாமா என்றார் ஒருவர். வளரட்டும், யார் வெயிலிலாவது நின்றுகொண்டுதான் வளர வேண்டுமா என்றார் பல் டாக்டரான இன்னொருவர். கடைசியில் நாலுக்கு மூன்று. விடுதிக்கு அனுமதி உண்டு, ஆனால் இரண்டே மாடி. அக்காவின் மதிலிலிருந்து எட்டு அடி கூடுதலாகத் தள்ளிக் கட்ட வேண்டும். வெயில் நாலு மணிவரை இருக்கும் என்று நகராட்சிப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். தீர்மானத்தின் நகலை ஆட்சேபித்தவருக்குத் தபாலில் அனுப்புவதும் இவர் வேலைதான். மற்றவர்களுக்கெல்லாம் விலாசம் அச்சடித்த சீட்டை ஒட்டுவார். அந்த உறைக்கு மட்டும் கையால் எழுதினார். "அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியல" என்றார்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன், தபால் பிரிவில் இருப்பவரும் நினைத்தார். அடுத்த மாதம் அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தது. இந்தத் தடவை புறவழிச் சாலையில் வரவிருந்த ஒரு பெட்ரோல் பங்க்கை எதிர்த்து. அக்கா வீட்டிலிருந்து அது நாலு மைல்.

"இவங்க வீடு எங்க, பங்க் எங்க?" என்றார் ஒரு உறுப்பினர்.

"எங்க இருந்தாலும் எழுதலாம் சார். விதி ஒம்பது, உட்பிரிவு ரெண்டு" என்றார் வாசிப்பக்கா, அவரைப் பார்க்காமல். பிறகு வாசித்தார்: 'அந்தச் சாலையில்தான் இந்த அலுவலகத்துப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கூட்டம் முடிந்து களைத்துப்போய் வருகிறவர்கள் வண்டியைப் பார்க்காமல் ரோட்டைக் கடந்துவிடுவார்கள். சிலருக்குச் சின்ன வயசிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு.'

அதற்கடுத்த மாதம் ஒரு மர அறுவை மில். 'மரத்தூள் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. என் வீட்டிலேயே ஒருத்தி, தச்சர் வந்துபோன அன்றைக்கெல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவாள்.' வாசித்துக்கொண்டிருந்தவர் இருமினார். தண்ணீர் குடித்தார். கடிகாரத்தை நிறுத்தவில்லை. சொந்த இருமலுக்கு ஊர் நேரத்தை நிறுத்தக்கூடாது என்பது அவர் வழக்கம்.

கூட்டம் நகராட்சியின் இணையதளத்தில் நேரடியாகப் போகிறது. ஓரத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்கிற மைக்செட்காரருக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது திரையில் தெரியும். "நாலு பேரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு நான் வேலைலதான் இருக்கேனான்னு பாக்கற என் பொண்டாட்டி. மூணாவது ஒரு புரோக்கர். நாலாவது யாருன்னு தெரியல. ஆனா வாசிப்பக்கா, நீங்க லெட்டர் படிச்சு முடிச்சதும் அந்த ஒருத்தர் எறங்கிடறாங்க" என்றார். அன்றிலிருந்து இவர் மைக்கை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அவர் நாலு விரலைக் காட்டுவார். பிறகுதான் வாசிப்பு.

ஒரு நாள் கேட்டேன்: "பாலம் தாண்டினா வீடு. போயிட்டு வரலாமே?"

"போய் என்ன சொல்றது? இங்கன்னா அவளே எழுதி அனுப்பிடறா. நான் படிச்சிடறேன்." கொஞ்ச நேரம் டீத் தம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "மாசத்துல மூணு நிமிஷம். மத்த நாளெல்லாம் அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்னு வீட்டுல சொன்னா சிரிப்பாங்க."

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஆறாவது மாதம் கடிதம் வரவில்லை.

பழைய சினிமா கொட்டகையைக் கிடங்காக்குகிற மனு அன்றைக்கு. தபால் தட்டை மூன்று தடவை கொட்டிப் பார்த்தார். தபால் பிரிவுக்காரரின் மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். "வந்திருந்தா நான் குடுக்காம வெச்சுப்பேனா அக்கா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். நாலு மணிக்கு மாடியேறி வந்து இடத்தில் உட்கார்ந்தார். மேஜையில் காகிதம் இல்லை. கை வைக்க இடம் தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் மனுவின் எண்ணைச் சொல்லிவிட்டு வழக்கப்படி கேட்டார்: "இந்த மனு மேல கடிதம் ஏதாவது உண்டா?"

வாசிப்பக்கா கண்ணாடி அறையைப் பார்த்தார். அங்கே நாலு விரல்.

மைக்கின் பொத்தானை அழுத்தினார். "கடிதம் எதுவும் வரவில்லை" என்றார். பதிவுக்காகச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அக்கா," என்றார். "லெட்டர் வரல. உடம்புக்கு ஏதாவதா?"

பதினாலு வருஷத்தில் அந்த மைக்கில் அவர் சொந்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். கொட்டகைக்காரர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீலுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பல் டாக்டர் எதையோ தேடுவது போலப் பையைத் திறந்தார். தலைவர் மட்டும், கையிலிருந்த காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வெகுநேரம் படித்தார். பிறகு, "டீ குடிச்சுட்டு வந்து ஆரம்பிக்கலாம்" என்றார். டீக்கு நேரம் ஐந்து மணி. அப்போது நாலே கால்.

இவர் எழுந்திருக்கவில்லை. அறை பாதி காலியான பிறகு தபால் பிரிவுக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "வாசிப்பக்கா! கீழ உங்களுக்கு போன். நம்ம நோட்டீஸ்ல போட்டிருக்கிற நம்பருக்கு வந்திருக்கு. பேர் சொல்ல மாட்டேங்கறாங்க. படிக்கிறவங்களக் கூப்பிடுங்கறாங்க."

படியில் அவர் அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. தபால் பிரிவில் ரிசீவர் மேஜை மேல் மல்லாந்து கிடந்தது. டீக்கு இறங்கிய கூட்டம் வாசலில் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவர் உறைகளுக்குத் தடதடவென்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார். இவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். பிறகு கேட்டார்:

"எந்தக் கை?"

பதிலைக் கேட்டார்.

"வலதா? எலும்பு விட்டுப்போச்சா, பிசகிருக்கா?"

மறுமுனை பேச ஆரம்பித்தது. நீளமான பேச்சு போலிருந்தது. இவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மறு கையால் இன்னொரு காதை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.