அப்பாவுக்கும் ஒரு கிளாஸ்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது இரண்டு மாமாக்களோடு ஒரே நாளில் கோபித்துக்கொண்டேன். சொந்த மாமாக்கள் அல்ல. அப்பா அகதியாக லண்டனுக்கு வந்த புதிதில் டூட்டிங்கில் ஒரே அறையில் அவரோடு படுத்தெழும்பியவர்கள். பிறகு ஒருவர் அங்கேயே கடை போட்டார், மற்றவர் இல்ஃபோர்டுக்குப் போனார், நாங்கள் ஹரோவுக்கு வந்தோம். ஆகவே எனக்கு ஒருவர் டூட்டிங் மாமா, மற்றவர் இல்ஃபோர்ட் மாமா.

இல்ஃபோர்ட் மாமாவுக்கு ஐம்பது வயதானது. மண்டபம் எடுத்துக் கேக் வெட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், கென்ட் பக்கம் ஒரு முந்திரிகைத் தோட்டம் இருக்கிறது, அங்கேயே வைன் செய்கிறார்கள், போய் ருசி பார்த்துவிட்டு வருவோம் என்று மாமி சொன்னார். யாழ்ப்பாணத்தாருக்குத் திராட்சை என்றால் முந்திரிகைதான். அதற்குப் பிறகு பெரியவர்கள் தொலைபேசியில் நிறையக் குசுகுசுத்தார்கள். இடத்தை மாற்றலாமா என்றுகூடப் பேச்சு அடிபட்டது. கடைசியில் அப்பாதான் முடித்துவைத்தார்.

"அதுக்கென்ன, நான் வாகனம் ஓடிக்கொண்டு வாறன். நீங்கள் எல்லாரும் ஆறுதலா இருந்து குடியுங்கோ."

எங்களிடம் ஏழு பேர் இருக்கக்கூடிய வாகனம் இருந்தது. அப்பா குடிப்பதில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போனது ஒரு சனிக்கிழமை, வாராவாரம் அன்று இருக்கும் தமிழ் வகுப்பிலிருந்து நான் தப்பினேன். மாமாக்களின் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், வர மறுத்துவிட்டார்கள். அம்மாவும் மாமிகளும் ரோல்ஸும் கடலை வடையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வழியெல்லாம் ஒரே சிரிப்பு. சரிவான நிலத்தில் வரிசை வரிசையாகக் கம்பிகளில் கொடிகள் படர்ந்திருந்தன. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு ரோசாச் செடி நின்றது. நான் ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டேன். புளித்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன்.

காலில் சேற்றுச் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். பிறகு பழைய களஞ்சியம் ஒன்றுக்குள் கூட்டிப்போனார். நீண்ட மேசையில் கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. வைனை எப்படிச் சுழற்றுவது, எப்படி மூக்கருகே வைத்து மணப்பது, பிடிக்காவிட்டால் எந்த வாளியில் ஊற்றுவது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்பிள் ஜூஸ் கிடைத்தது.

அப்பா வாசலோடு நின்றுவிட்டார். "ஒரு ஃபோன் கோல் கதைக்கவேணும். நான் வாகனத்துக்குள்ள இருக்கிறன்" என்றார். யாரும் வா என்று சொல்லவில்லை. மாமாக்கள் இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பொயிலர் திருத்த வருகிறவருக்கே அம்மா தேத்தண்ணி கொடுக்காமல் விடுவதில்லை. நான் ஜூஸையும் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அப்பா யாரோடும் கதைத்துக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பா உள்ள வரேல்லை?"

"சும்மாதான். இஞ்ச நல்ல வெய்யில்."

"அவையள் உங்களைக் கூப்பிடேல்லையோ?"

அப்பா சிரித்தார். "கூப்பிட்டவை. நீ போ பிள்ளை."

நான் நம்பவில்லை. இவர்கள் என் அப்பாவை டிரைவராக்கிவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. ஐம்பது வயது கொண்டாட ஒரு ஆளும் வாகனமும் வேண்டும், அந்த ஆளுக்கு இருக்க ஒரு கதிரை வேண்டாம். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் அழுகையைத் தாங்கமாட்டாமல்தான் அவர் இறங்கியிருக்க வேண்டும்.

நாங்கள் உள்ளே வந்தோம். நான் மேசைக்கு முன்னால் நின்று, எங்கள் எல்லோரையும் இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர் என் அப்பா, அவருக்கு மட்டும் ஏன் கிளாஸ் இல்லை, இது என்ன நியாயம் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு அந்த மொழிதான் வரும். தமிழில் கேட்டிருந்தால் எங்களுக்குள் அடங்கிப் போயிருக்கும். அந்தப் பெண்மணிக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. தன் தவறுதான் என்று மன்னிப்புக் கேட்டு, புதிய கிளாஸ் ஒன்றில் சிவப்பு வைனை ஊற்றி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்தது. "அவருக்கு வேண்டாம்" என்றார். அது தமிழ், அந்தப் பெண்மணிக்கு விளங்கவில்லை.

டூட்டிங் மாமா கையை நீட்டினார். "இஞ்ச கொண்டா மச்சான். நான் பிடிக்கிறன்."

தான் குடித்தது போதாதென்று இதையும் பறிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அது அப்பான்ர. நீங்கள் தொடக் கூடாது."

அப்பா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். மணந்தார். அந்தப் பெண்மணி சொல்லிக்கொடுத்ததைவிட அதிக நேரம் மணந்தார். பிறகு குனிந்து வாளிக்குள் முழுவதையும் ஊற்றினார். நல்ல வைன், ஆனால் தான் வாகனம் ஓட வேண்டும் என்று அந்தப் பெண்மணியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். அதற்குப் பிறகு யாரும் குடிக்கவில்லை. எல்லோருடைய கிளாஸிலும் மிச்சம் இருந்தது. குற்ற உணர்ச்சிதான் என்று நினைத்தேன்.

படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கூட வேலை செய்தவர்கள் தந்த வைன் போத்தல் ஒன்றோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதை வாசலிலேயே வாங்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு குசினியில் அடுப்பருகே நின்றபடியே சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா குடியால் வேலையை இழந்தவர். வீடு வராத நாட்களில் தெருத் தெருவாகத் தேடித் தூக்கி வந்ததும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஷிப்ட் போட்டு இருந்ததும் அந்த இரண்டு மாமாக்கள்தான். அவர் குடியை விட்ட நாளிலிருந்து அவர் கண்ணில் பட அவர்கள் ஒரு துளி தொட்டதில்லை.

"அந்தத் தோட்டத்திலதான் முதல் தரம் அவருக்கு முன்னால குடிச்சவை. தனக்காக ஒளிக்க வேண்டாமெண்டு அப்பாதான் அவையளைக் கேட்டவர்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ர அப்பாவை நீ அப்பிடிப் பாக்கக் கூடாதெண்டுதான்."

இதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது. டூட்டிங் மாமா நீட்டிய சொக்லேட்டை எத்தனை வருடங்கள் வாங்காமல் முகத்தைத் திருப்பியிருப்பேன். அந்த மனிதர் ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

அன்று தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது அப்பா நெடுஞ்சாலையிலிருந்து விலகி, ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினார். இறங்கி, அதன் கோடிக்குப் போய் வேலியைப் பார்த்தபடி நின்றார். மாமாக்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். டூட்டிங் மாமா கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கிறார்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.