மூக்கால் அளந்த எண்ணெய்

அந்த ஆலையில் அவளுக்கு ‘மூக்கரசி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தைம், ஓரிகானோ, புதினா என்று சமையலுக்குப் போடும் இலைகளைப் பெரிய கொப்பரையில் கொட்டி, நீராவி விட்டு எண்ணெய் எடுக்கும் இடம் அது. ஒரு மூட்டை இலைக்கு ஒரு சின்னக் குப்பி எண்ணெய் கிடைத்தால் பெரிய விஷயம். எந்தக் குப்பி தேறும், எது கருகல் என்று இருபத்திரண்டு வருடமாக அவள்தான் முகர்ந்து சொன்னாள். மேலாளர் வாங்கி வைத்த கருவி சொன்னதைக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருடம் அவள் கணவனுக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பஸ் ஓட்டுகிறவன். ரத்தம் கட்டாமலிருக்க தினம் ஒரு மாத்திரை. அதோடு வயிற்று உப்புசமும் வந்து ஒட்டிக்கொண்டது. தைம் எண்ணெய் வயிற்றுக்கு நல்லது, இதயத்துக்கும் நல்லது என்று ஆலைக்கு வரும் வியாபாரிகள் பேசுவது அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும், ஒரு கரண்டி சமையல் எண்ணெயில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணவனுக்குக் கொடுப்பாள். சொட்டுகளை எண்ணமாட்டாள். எண்ணுவதெல்லாம் மூக்கு இல்லாதவர்கள் வேலை. வாசனை எழும்பும்வரை விடுவாள், அவ்வளவுதான். எட்டு மணி நேரம் அதே நெடியில் நின்ற மூக்கு மரத்துப்போகும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அவளே மதியத்துக்கு மேல் எந்தக் குப்பியைப் பற்றியும் வாய் திறக்கமாட்டாள். வீட்டில் மட்டும் அது உறைக்கவில்லை.

மூன்றாம் வாரம் கணவன் ரத்த வாந்தி எடுத்தான்.

டாக்டர் வாய்வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். “வயிறு பூரா புண்ணு. மாத்திரை அரிச்சிருக்கும். நிறுத்திடலாமான்னு பாக்கறேன்.”

“நிறுத்தினா?”

“ஸ்டென்ட் அடைச்சுக்கலாம். உயிருக்கே ஆபத்து. வேற ஏதாவது சாப்பிட்டாரா?”

சொன்னால் இருபத்திரண்டு வருடப் பெயர் போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான். சட்டென்று சொல்லிவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், சுவரைப் பார்த்தாள். அப்புறம்தான் பேச்சு வந்தது.

“நான்தான் டாக்டர். தைம் எண்ணெய் குடுத்தேன்.”

“எத்தனை சொட்டு?”

“எண்ணல. மோந்து பாத்து விட்டேன். முப்பது, நாப்பது இருக்கும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சமையல்ல போடற இலை வேற, இது வேறம்மா. இவ்வளவு போனா வயித்தையே பொசுக்கிடும். நல்லதுன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் எலிக்குக் குடுத்துப் பாத்தது. உங்க வீட்டுக்காரர் எலியா?”

“இல்லங்க,” என்றாள், அதையும் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு.

எண்ணெய் நின்றது. புண் ஆற வேறு மருந்து சேர்ந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை.

நான்காம் நாள் கணவன் எழுந்து உட்கார்ந்தான். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

“எரிஞ்சிருக்குமே! வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“மொத நாளே எரிஞ்சுது,” என்றான். “நீ மோந்து பாத்துக் குடுத்ததாச்சே. என் வயித்துலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்.”