கணுக்காலில் விழுந்த ஒடுக்கு

என் கணவர் முப்பது வருடத்துக்கு மேல் மைசூரில் டிங்கரிங் வேலை பார்த்தவர். இடிபட்டு வரும் கார்களின் தகட்டை நிமிர்த்துவதுதான் அவர் தொழில். வேலையை விட்டு நாங்கள் அதே ஊரில் விஜயநகருக்குக் குடிவந்த பிறகும், தெருவில் நிற்கும் எந்தக் காரையும் அவர் சும்மா கடந்ததில்லை. கதவை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். காருக்குச் சொந்தக்காரர் மாடியிலிருந்து முறைப்பார். இவர் யாரோ, நான் யாரோ என்று நான் நாலடி முன்னால் போய்விடுவேன்.

வண்டியில் என்ன இருந்தாலும் எனக்கு அது அடிதான். அவருக்கு அப்படி இல்லை. துணியால் துடைத்தால் போய்விடுவது தடம். பின்பக்கமிருந்து கட்டைவிரலால் தள்ளினால் எழும்பிவிடுவது டொக்கு. சுத்தியல் எடுத்தே ஆகவேண்டும் என்றால் அது ஒடுக்கு. தட்டியும் நிமிராமல், பட்டி பூசித்தான் மூடவேண்டும் என்றால் பள்ளம். அவரோடு வேலை பார்த்த கன்னடக்காரர்கள் இவை எல்லாவற்றையும் நெக்கு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்களாம். அதில் இவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு, ஒருநாள் காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து தன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். விரலை எடுத்தார். அழுத்திய இடம் அப்படியே குழிந்து நின்றது.

"இங்க வந்து பாரு. டொக்கு விழுந்திருக்கு கணே," என்றார், யாரோ ஒருவருடைய கார்க் கதவைக் காட்டுவதுபோல. 'அடி' என்று கூப்பிடுவதற்குப் பதில் 'கணே' என்பது, பட்டறைக் கன்னடத்திலிருந்து அவர் வாயில் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருவர் எல்லாச் சோதனையும் செய்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, அதனால்தான் காலில் நீர் சேர்கிறது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். உப்பைக் குறைக்கவேண்டும், தினமும் காலையில் அதே இடத்தில் அழுத்திப் பார்க்கவேண்டும் என்றார். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோயில் காலண்டரின் கட்டங்களில் தினமும் குறிக்க ஆரம்பித்தேன். நான் அழுத்துவேன், அவர் குனிந்து பார்த்துச் சொல்லுவார். 'டொக்கு' என்று எழுதுவேன்.

அந்த வாரமே பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். பெரிய வியாழன் அன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்தின் முன் உட்காரவைப்பார்கள். இந்த முறை நீங்களும் ஒருவர் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளெல்லாம் கிரீஸும் பெயின்டும் படிந்த கால் அது. எங்கள் கோயிலில் அதுவரை வாத்தியார்களையும் ஆபீஸ்காரர்களையும்தான் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு, தோல் மிஞ்சட்டும்," என்றேன்.

சாம்பல் புதன் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்க மட்டன், மீன், முட்டை எதுவும் கிடையாது. காலையில் கஞ்சி, மதியம் ரசஞ்சோறு, ராத்திரி மறுபடியும் கஞ்சி. இதைவிடப் பத்தியமான சாப்பாடு உலகத்தில் உண்டா என்று நான் நிம்மதியாக இருந்தேன். ரசத்தில் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். ஆனால் காலண்டரில் 'டொக்கு' போய் 'ஒடுக்கு' வந்தது. மூன்றாவது வாரம் நான் அழுத்தியதும் என் விரல் நுனி உள்ளே போய்விட்டது. அவர் குனிந்து பார்த்தார்.

"பள்ளம்னு எழுதிக்கோ," என்றார். பிறகு, "ஃபாதர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். வண்டின்னா பட்டி பூசி மறைக்கலாம். இந்தக் காலை எப்படி அத்தன பேருக்கு முன்னால நீட்டறது?"

"சும்மா இருங்க," என்று எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம். செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கி நின்ற அந்தப் பாதத்தைப் பார்க்கப் பார்க்க, அவர் இல்லாத வீடு கண்ணுக்கு முன் வந்து நின்றது. பயம் வந்தால் நான் கோபப்படுவேன். அது அவருக்கும் தெரியும்.

காலண்டரைக் கழற்றிக் கையில் எடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் பெருமையாக ஒப்பித்தேன். நாற்பது நாள் தவம், கறி இல்லை, மீன் இல்லை, வெறும் கஞ்சிதான்.

"கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொள்கிறார்?"

கறி இல்லாத சாப்பாடு அவருக்குத் தொண்டையில் இறங்காதே என்று இரங்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் நான்தான் வாங்கி வந்தேன். உப்பு நார்த்தங்காய், மோர் மிளகாய், அப்பளம். ரசத்தில் குறைத்த உப்பை தட்டோரத்தில் இரண்டு பங்காக வைத்திருக்கிறேன். ஒன்றுவிடாமல் சொல்லிமுடித்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. தவக்காலம் வந்தால் இப்படி இன்னும் சிலர் வருவார்கள் என்று சொல்லி, மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

ஆட்டோவில் நான் அழுதுகொண்டே வந்தேன். "நார்த்தங்காய் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அவர். அவரை அடிக்கலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜாடிகளைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எலுமிச்சைச் சாறும் மிளகும் பூண்டும் வைத்துச் சமைத்தேன். முதல் நாலு நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு கடுகடுப்பு. பத்தாவது நாள் காலண்டரில் மறுபடி 'ஒடுக்கு' என்று எழுதினேன். குருத்து ஞாயிறு காலையில், நான் அழுத்தி விரலை எடுத்ததும், "டொக்குதான் கணே. செருப்பும் நுழையுது," என்றார். ஃபாதரிடம் வேறு ஆள் என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

பெரிய வியாழன் அன்று அவர் பதினோராவது ஆளாக உட்கார்ந்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கி வலதுகாலை நீட்டினார். சாமியார் முழங்காலிட்டுத் தண்ணீர் ஊற்றினார். துண்டால் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். துடைக்கும்போது சாமியாருடைய கட்டைவிரல், நான் தினமும் அழுத்தும் அதே இடத்தில் பதிந்தது. பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

விரல் விலகியது. லேசாக ஒரு தடம் இருந்தது. இது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் யோசிப்பதற்குள் தோல் எழும்பிச் சமமாகிவிட்டது.

அவர் அங்கிருந்தே என்னைத் தேடிப்பிடித்து, என்ன என்று புருவத்தை உயர்த்தினார். நான் கையை விரித்துக் காட்டினேன், ஒன்றும் இல்லை என்று. அத்தனை பேர் நடுவில் மனிதர் பல் தெரியச் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையிலும் அழுத்திப் பார்த்தேன். பெரிய வெள்ளியின் கட்டத்தை அப்படியே காலியாக விட்டேன்.