நான் உயர்த்திய சீட்

மலையூரான ரிங்லெட் அருகே தேயிலை ஆலையின் வாசல் காவலாளி, எதற்கும் முழங்காலைத் தேய்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவர் சைக்கிளின் தாழ்ந்த சீட்தான் வலிக்குக் காரணம் என்று கண்டுபிடித்தேன். தோட்டக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி எனக்குத் தெரியாத விதிமுறை உண்டா? பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுக்குச் சீட்டை உயர்த்தி முறுக்கினேன்.

மறுவாரம் அவர் முழங்காலைத் தொடவில்லை.

"வலி போச்சா?" என்றேன் பெருமையாக.

"போச்சுங்க கிராணி ஐயா. சம்சாரந்தான் கொழுந்தெடுக்க நடந்து போவுது. அதுக்குக் கால் எட்டல."

"ரெண்டு பேருக்கும் ஒரே சைக்கிளா? சீட்டை எறக்க வேண்டியதுதானே?"

"நீங்க வெச்சதுங்களே. நான் எப்படிக் கை வைக்கிறது?"

வெட்கத்துடன் ஸ்பானரை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"நீங்களே எறக்கிடுங்க ஐயா."