குருடாயில் ஊற்றிய வேன்

பழவேற்காட்டுக்கு நான் போனது டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்க. அவற்றைப் பற்றி எழுத இப்போது எனக்கு மனமில்லை. திரும்பி வந்த கதையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் கடைசி அது. டீசல் தட்டுப்பாட்டில் பாதி பஸ்கள் நின்றுபோயிருந்தன. காலை ஆறு மணிக்கு வர வேண்டிய பொன்னேரி பஸ் எட்டாகியும் வரவில்லை. திருவள்ளூரில் இருக்கும் என் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருவது என்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது இறால் ஏற்றிய வேன் ஒன்று புறப்பட்டது. ஓட்டியவர் ஏழுமலை, கும்மிடிப்பூண்டிக்காரர். சரக்கு கன்னியம்மாவுடையது. அவர் கணவர் ஏரியில் வலை போடுகிறவர். கேட்டதும் இருவரும் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.

பொன்னேரி ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீட்டர். வழியெல்லாம் கன்னியம்மா பேசிக்கொண்டே வந்தார். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாதாம். முறை வைத்துத்தான் போட வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று அவர்கள் பாடு. இதை விட்டால் மழைக்காலம் கழிந்துதான் அடுத்தது. விடியலில் எடுத்த இறால் பின்னால் ஐஸில் கிடந்தது. கணவர் மறுபடி வலை போடப் போயிருந்தார். இதை மெட்ராஸ் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் வேன் கரைக்குத் திரும்ப வேண்டும். தலை கறுத்த இறாலைக் கம்பெனிக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள் என்றார்.

பொன்னேரி பங்கில் 'டீசல் இல்லை' என்று பலகை தொங்கியது. தச்சூர் கூட்டு ரோட்டிலும் அதே பலகைதான். டேங்கில் இருப்பது மெட்ராஸ் வரை காணாது. கும்மிடிப்பூண்டி பங்குக்கு டேங்கர் வருகிறது என்று எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் சொன்னார். தெற்கே போக வேண்டிய நாங்கள் வடக்கே திரும்பினோம்.

அங்கே வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. டேங்கர் வரவில்லை. இதோ, இதோ என்று காலையிலிருந்தே சொல்கிறார்களாம். டீ முப்பது பைசா. வெந்நீர் மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் தம்மிடம் கிருஷ்ணாயில் இருப்பதாகக் காதோடு காதாகச் சொன்னார். மண்ணெண்ணெயை ஊற்றினால் பசை இல்லாமல் பம்பு காய்ந்துபோகும் என்று ஏழுமலை மறுத்துவிட்டார். வேனின் பின்பக்கம் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கன்னியம்மாவின் கண் அதை விட்டு அகலவில்லை.

பக்கத்து பெஞ்சில் இருந்த நெல் வயல்காரர் ஒருவர் மனமிரங்கினார். அவரிடம் கிணற்று இன்ஜினுக்கு வாங்கிய குருடாயில் என்னும் மட்டரக எண்ணெய் ஒரு பீப்பாய் இருந்தது.

"என்னுதும் டீசல் இன்ஜினுதான் நைனா. ராவும் பகலும் இதைக் குடிச்சிக்கினுதான் ஓடுது. உன் வண்டிக்கு மட்டும் இன்னா வந்துது?"

அது நின்ற இடத்தில் நிதானமாகச் சுற்றுகிற இன்ஜின், இது வேகமாகச் சுற்றுகிறது, இதற்கு இந்த எண்ணெய் கனம் என்று ஏழுமலை இழுத்தார். காத்திருக்கலாம் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் எவ்வளவு நேரம் என்று கன்னியம்மா கேட்டார்.

"ஐஸு கரையுது தம்பி. ஊத்து."

ஊற்றினோம். வயல்காரர் காசு வாங்க மறுத்து, நல்லபடியாகப் போய்ச் சேரச் சொல்லி அனுப்பினார்.

முதலில் வேன் ஓடத்தான் செய்தது, கரும்புகை கக்கிக்கொண்டு. ஊரைத் தாண்டி, தொழிற்பேட்டைக்கென்று அளந்து கல் நட்டிருந்த பொட்டல் வந்தது. அங்கே இருமுறை குலுங்கி நின்றுவிட்டது. ஏழுமலை ஃபில்டரைக் கழற்றினார். பீப்பாயின் அடியில் கிடந்த கசடெல்லாம் அதில் சேறாக அப்பியிருந்தது. குழாயை வாயால் உறிஞ்சித் துப்பினார். கழுவி மாட்டினார், கிளப்பினார், நின்றது. மறுபடி கழற்றினார். அவர் உதடெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

அப்போதுதான் எதிரே டீசல் டேங்கர் வந்தது. எங்களைத் தாண்டி, நாங்கள் விட்டுவந்த பங்கை நோக்கிப் போயிற்று. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாலையில் நின்று லாரிகளுக்குக் கை காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. நின்ற ஒரே பஸ்ஸின் நடத்துநர் ஈரக் கூடைகளைப் பார்த்ததும் விசில் ஊதிவிட்டார். மூன்று மணிக்குக் கன்னியம்மா ஒரு கூடையைத் திறந்தார். தலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. சற்றுத் தள்ளியிருந்த இரும்பு ஆலையில் வேலை முடிந்து வந்தவர்கள் விலை கேட்டார்கள். கன்னியம்மா சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, எல்லைக்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தன் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று ஏழுமலை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இத்த வுடு சார். எங்க வூட்டுக்காரரு இன்னொரு தபா வலை எடுத்திருப்பாரு. ஐஸோட வண்டி வரும்னு கரையில நின்னுக்கினு இருப்பாரு," என்றார் கன்னியம்மா.

அவருக்கு ஆள் அனுப்ப ஒரு வழியும் இல்லை. அவர்கள் இருவரும் வேனோடு அங்கேயே நிற்க, நான் மட்டும் கும்மிடிப்பூண்டிக்கு நடந்து ரயிலேறி இருட்டியபின் சென்ட்ரல் வந்தேன். திருவள்ளூர் மின்சார ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அதற்காக யாரும் பங்கு பங்காக அலையவில்லை. வீட்டில், கல்லறைகள் எப்படி இருந்தன என்று கேட்டார்கள். நன்றாக இருந்தன என்றேன். இறால் குவியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொன்னேரிச் சாலையில் விளக்கு தெரிகிறதா என்று அந்த மனிதர் அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.