தவளைக்குச் சொந்தமான பாம்பு: கொழிஞ்சாம்பாறை முதல் போடிமெட்டு வரை

ஒரு சாண் நீளப் பிராணிக்குப் பயந்து, டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, ஜீப் பானட்டில் ஏறி நின்றவன் எழுதும் பயணக் கட்டுரை இது. வீரர்கள் மன்னிக்கவும்.

போன ஜூனில், மழை பிடித்த வாரம் கிளம்பினோம். பிளஸ் டூ முடித்த என் மகள் ஸ்டெல்லா விலங்கியல்தான் படிப்பேன் என்று நின்றாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் மச்சான் அந்தோணி, நர்சிங் சீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். "கூட்டிட்டு வா மாப்ள, நான் பேசுதேன்" என்றார். பத்தாவதோடு நின்ற நான், பொறுப்பை அவர் தலையில் கட்டக் கிளம்பினேன்.

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஹார்டுவேர் கடை. கடை வேனில் காலை ஐந்துக்குப் புறப்பட்டு, கோபாலபுரம், பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகப் போடி. அப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மொத்தம் 240 கிலோமீட்டர். போக வர பெட்ரோல் மூவாயிரத்து ஐந்நூறு. வழியில் ஸ்டெல்லாவிடம் வௌவாலைப் பறவை என்றும் திமிங்கலத்தை மீன் என்றும் சொன்னேன். பழனி வருவதற்குள் இரண்டையும் வாபஸ் வாங்கினேன்.

மதியம் தோட்டத்தில் மச்சானின் ஜீப் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தோம். களை வெட்டிக்கொண்டிருந்த ரோசம்மா அலறினார்: "இருதலைப் பாம்பு!" கருநீலமாக ஒன்று என் செருப்பை நோக்கி நெளிந்தது. நான் பானட்டில். மச்சான் மம்பட்டியை ஓங்கினார்.

"மாமா, அடிக்காதீங்க! அது பாம்பே இல்லீங்க."

"விலகு தாயி, விஷம்!"

ஸ்டெல்லா குறுக்கே உட்கார்ந்து, கையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து அதைத் தூக்கினாள். எனக்குப் பானட்டும் உயரம் போதவில்லை.

"இது தவளைக்குச் சொந்தமுங்க, நீர்நிலவாழ் உயிரி. தோல் ஈரமா வழவழன்னு இருக்குது பாருங்க. தவளையாட்டம் தோல் வழியாவும் மூச்சு விடும். மண்புழுவும் இல்ல, இதுக்கு முதுகெலும்பு இருக்குது."

"காலே இல்லாத தவளையா? யாருகிட்ட கதை விடுத?" என்றார் மச்சான்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீளமா இருக்குதுன்னு நம்ம கடையில கயித்தையும் தண்ணி ஓஸையும் ஒரே கொக்கியிலயா மாட்டறீங்க?"

"இல்ல கண்ணு. ஓஸு, குழாய்ச் சாமான் இருக்கற பக்கம் போகும்."

"அதேதானுங்க மாமா. வெளிய பார்க்க ஒரே மாதிரி இருந்தாப் போதாது. உள்ள எப்படி இருக்குது, எது வழி வந்துச்சுன்னு பார்த்துத்தான் பிரிக்கறாங்க."

மச்சான் மம்பட்டியை இறக்கினார். குனிந்து வெகு நேரம் பார்த்தார். நானும் இறக்கினேன், ஒரு காலை மட்டும். ஏலச்செடி நிழலில் அவள் விட்டதும் அது ஈர மண்ணுக்குள் போய் மறைந்தது.

"சரி மாப்ள, நர்சிங் சீட்டு வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார் மச்சான். "இவ அங்க போனா, ஊசி போடுததுக்கு முன்ன நோயாளி எந்த இனம்னு பாத்துட்டு நிப்பா."

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு: மலைப்பாதையை இருட்டுவதற்கு முன் இறங்கிவிடுங்கள். முழு ஷூ போடுங்கள். தெரியாத எதையும் கையால் தொடாதீர்கள், அடிக்கவும் செய்யாதீர்கள்.

கிளம்பும்போது ரோசம்மா, "இந்தப் புள்ளைக்கு இதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "அவளாப் படிச்சதுங்க" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தேன். அவள் உதாரணம் காட்டிய கயிறும் ஓஸும் என் கடையில் தொங்குபவை என்பதை மட்டும் சொல்லவில்லை.